சட்டைப்பையில் இருந்த பேட்டரி

உத்தமபாளையம் பேருந்து நிலையத்துக்குப் பின்தெருவில் இருக்கிற போட்டோ கடையின் பெயர்ப்பலகையில் ரபீக்கின் பெயர்தான் இருக்கிறது. ஆனால் கல்யாணத்துக்கு ஆள் பேச வருகிறவர்கள் ரபீக்கின் தோளைத் தாண்டி உள்ளே எட்டிப்பார்த்து, "அக்கா வருவாகளா?" என்றுதான் முதலில் கேட்பார்கள். அக்கா என்பது ரபீக்கின் மனைவி சமீனா. அக்கா வருவார் என்று தெரிந்த பிறகே தேதியைச் சொல்வார்கள். அக்காவுக்கு அன்று தோதில்லை என்றால், "அப்ப வீட்ல கலந்துக்கிட்டு வர்றோம் பாய்" என்று எழுந்துகொள்வார்கள். தன் பெயரில் தன் மனைவி கடை நடத்துகிறார் என்பது ரபீக்குக்குத் தெரியும். அதைப் பற்றி அவர் கவலைப்பட்டதே இல்லை. அவர் கவலைப்படாத ஒரே விஷயம் அது என்பதால் முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது.

காரணம் எளிது. கம்பத்திலும் உத்தமபாளையத்திலும் முஸ்லிம் வீட்டுக் கல்யாணம் என்றால் மண்டபத்தின் குறுக்கே ஒரு திரை தொங்கும். இந்தப்பக்கம் ஆண்கள், அந்தப்பக்கம் பெண்கள். இந்தப்பக்கம் நிக்காஹ் முடிந்து துஆ ஓதியதும், அந்தப்பக்கம் மாப்பிள்ளையின் அம்மா மணப்பெண்ணின் கழுத்தில் கருகமணி கட்டுவார். ஆல்பத்தில் குடும்பம் திரும்பத் திரும்பப் பார்க்கப்போகிற படம் அதுதான். அந்தப் படத்தை எடுக்கத்தான் ஆண் போட்டோகிராபர் உள்ளே போக முடியாது. சமீனா கேமராவைக் கையில் வாங்குவதற்கு முன்பு, ரபீக் திரையின் ஓரமாகக் கேமராவை மட்டும் நீட்டி எடுத்துக்கொண்டிருந்தார். அந்தக் காலத்து ஆல்பங்களில் திரைச்சீலை மிகத் தெளிவாக விழுந்திருக்கும்.

பிலிம் காலத்தில் ரபீக்கின் கவலை பிலிமுக்குள் இருந்தது. ரோலைக் கழுவி வெளிச்சத்தில் தூக்கிப் பிடிக்கிற வரைக்கும் சோறு இறங்காது. டிஜிட்டல் கேமரா வாங்கிய அன்று, எடுத்த படம் பின்னாலேயே தெரிவதைப் பார்த்துவிட்டு, இனி நிம்மதி என்று கடைத்தெருவில் நாலு பேரிடம் சொன்னார். கவலை அதைக் கேட்டுக்கொண்டுதான் இருந்தது. அது பேசாமல் ரோலை விட்டு இறங்கி பேட்டரிக்குள் போய் உட்கார்ந்துகொண்டது.

2008ஆம் வருடம், நோன்புக்கு முந்தின மாதம், சமீனாவின் தங்கை ஷர்மினுக்குக் கம்பத்தில் கல்யாணம் வைத்திருந்தார்கள். போட்டோ யார் எடுப்பது என்று பெண் வீட்டில் பேச்சு வந்தபோது மாமியார் அம்சத் பீவி முதலில் சமீனாவின் கல்யாண ஆல்பத்தை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். அந்த ஆல்பத்துக்கு ஒரு பின்கதை உண்டு. ரபீக், சமீனா கல்யாணத்தில் பெண்கள் பக்கம் படம் எடுக்க ஒரு சொந்தக்காரப் பெண்ணிடம் கேமராவைக் கொடுத்திருந்தார்கள். கருகமணி கட்டியபோது அவரும் சளைக்காமல் அமுக்கினார். கழுவிப் பார்த்தால் ஒன்றும் இல்லை. ரோல் கேமராவுக்குள் பல்லில் மாட்டாமல் நின்ற இடத்திலேயே நின்றிருக்கிறது. அந்த ரோலை அன்று காலையில் மாட்டியவர் யார் என்று விசாரித்தால், மாப்பிள்ளை. மாலை போட்ட கையோடு, அடுத்தவரை நம்பாமல் தானே மாட்டினார்.

அம்சத் பீவி அதைச் சண்டையாகச் சொன்னதே இல்லை. வருகிற விருந்தாளிகளுக்கு ஆல்பத்தைக் காட்டும்போது குறிப்பிட்ட பக்கம் வந்ததும், "இங்கன ஒரு போட்டோ இருக்கணும். மாப்ளதான் ரோலு மாட்டுனாக" என்று மட்டும் சொல்லிவிட்டுப் புரட்டுவார். ரபீக் பக்கத்தில் இருந்தால் சத்தம் கொஞ்சம் கூடும்.

இப்போது அவர் முடிவைச் சொன்னார். "சமீனாவே எடுக்கட்டும். ஒரு பிள்ளைக்குத்தான் இல்லாமப் போச்சு. இவளுக்கு அந்த ஒரு போட்டோ எனக்கு வேணும். மத்ததெல்லாம் விழுந்தா விழுகட்டும், விழாட்டிப் போகட்டும்."

ரபீக் அன்றிரவு கேமராவை எடுத்துப் பேட்டரியை உருவப் பார்த்தார். வரவில்லை. கேமராவோடு வந்த கம்பெனி பேட்டரி, கொஞ்ச நாளாகவே சீக்கிரம் சீக்கிரம் தீர்ந்துகொண்டிருந்தது. இப்போது வயிறு உப்பி உள்ளேயே இறுகிவிட்டது. தட்டி, குலுக்கி, கடைசியில் சமீனாவின் கொண்டை ஊசியை விட்டு நெம்பினார்.

சமீனா கையில் வாங்கிப் பார்த்தார். "என்னங்க இது, பேட்டரியா உளுந்த வடையா? இதை எங்க அம்மா கண்ணுல காட்டிராதீங்க."

புதிது வாங்க வேண்டும். எதை வாங்குவது? இந்தக் கேள்வியை ரபீக் தன் கூட்டாளி சண்முகராஜிடம் கேட்டது முதல் தவறு. சண்முகராஜ் வீடியோ எடுப்பவர். உலகத்தில் எது எப்போது எங்கே வெடித்தது என்ற தகவல்கள் அவரிடம் நிறைய உண்டு.

"அண்ணே, கம்பெனி பேட்டரி தவிர வேற எதையும் போட்றாதீக. வேற கம்பெனி போட்டா கேமரா போர்டே போயிரும். போடியில ஒரு ஆளுக்கு டவுசர் பையிலயே வெடிச்சு டவுசர் எரிஞ்சுபோச்சு."

"யாருக்குலே?"

"பேரு தெரியலண்ணே. ஆனா டவுசர் எரிஞ்சது உறுதி."

இதைக் கேட்ட பிறகும் ரபீக் குமுளிக்குப் பஸ் ஏறினார் என்றால், கம்பெனி பேட்டரிக்கு ஊரில் சொன்ன விலை அப்படி. அதில் பாதிக்கும் குறைவாகக் குமுளியில் கிடைக்கும் என்று கேள்வி. அந்த மாதம் மின்வெட்டு உச்சத்தில் இருந்தது. பஸ் லோயர் கேம்ப்பைத் தாண்டும்போது மின் நிலையத்தைப் பார்த்து அவர் பெருமூச்சு விட்டார். இங்கே உண்டாகிற கரண்ட் நம் வீட்டைத் தவிர மற்ற எல்லா இடத்துக்கும் போகிறது என்பது அன்றைக்கு அந்தப் பஸ்ஸில் இருந்த எல்லோருடைய கருத்தாகவும் இருந்தது.

குமுளியில் ஏசுதாசன் கடை. செல்போன் கவர், சார்ஜர், கேமரா சாமான் எல்லாம் கலந்து தொங்கும். ஏசுதாசனின் தமிழில் மலை ஏறும்போதே மலையாளம் ஒட்டிக்கொண்டிருக்கும்.

"ரபீக்கே, இது உன் கேமரா கம்பெனி இல்ல கேட்டோ. வேற கம்பெனி. அவன் பேரு இங்கன இருக்கு. அளவு சரியா இருக்கும். நல்லா ஓடும்."

"உறுதியா ஓடுமா?"

"நான் என்ன, உள்ள கேறி இருந்து பாத்தேனா? வாங்குனவன் யாரும் திரும்பி வரல."

ரபீக் பேட்டரியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். திரும்பி வராததற்கு நல்ல காரணமும் இருக்கலாம், டவுசர் காரணமும் இருக்கலாம். அதைவிட அவரை உறுத்தியது ஏசுதாசனின் நேர்மைதான். ஒரு வியாபாரி என்றால் சூடம் அணைக்காத குறையாகச் சத்தியம் பண்ணி நமக்குத் தைரியம் கொடுக்க வேண்டாமா? ஒரிஜினல் இல்லை என்று அவனே ஒத்துக்கொள்கிற பொருளை எப்படி நம்புவது? ஆனாலும் வெறுங்கையோடு மலை இறங்கப் பயமாக இருந்தது. வாங்கிக்கொண்டார். பேண்ட் பையில் போடாமல் குடைத்துணிக்குள் சுற்றி, குடையை உடம்பை விட்டுத் தள்ளிப் பிடித்துக்கொண்டே வந்தார்.

வீட்டுக்கு வந்ததும் மனசு கேட்கவில்லை. அந்த ஒரு போட்டோவைக் குமுளி பேட்டரியை நம்பி எடுப்பதா? இரண்டு நாள் கழித்து மதுரைக்குப் போனார். பெரிய கடை, கண்ணாடிக் கதவு, ஏ.சி. விற்பனையாள் கழுத்தில் டை. பெட்டி சீலோடு இருந்தது. மேலே பளபளவென்று ஒரு ஸ்டிக்கர்.

"சார், சாய்ச்சுப் பாருங்க, நிறம் மாறும். நிறம் மாறுனா கம்பெனி."

சாய்த்தார். மாறியது. ஊர் திரும்பும் வழியில் ஆண்டிபட்டி கணவாய் வரைக்கும் சாய்த்துச் சாய்த்துப் பார்த்துக்கொண்டே வந்தார். ஒவ்வொரு தடவையும் நிறம் மாறியது. இவ்வளவு நிம்மதியான பஸ் பயணம் அவருக்குப் பல வருடங்களாக வாய்த்ததில்லை.

ஒன்றைத் தேர்ந்தெடுக்கப் பயந்து இரண்டையும் வாங்கியவருக்கு, வாங்கிய இரண்டில் மறுபடி ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்பது கல்யாணத்துக்கு முந்தின நாள்தான் உறைத்தது. அன்று காலை சீலைப் பிரித்தபோது, உள்ளேயும் அதே பளபளக்கும் பச்சை ஸ்டிக்கரோடு இருந்த மதுரைப் பேட்டரி கைக்கு லேசாக இருந்தது. மனப்பிரமையோ என்று பக்கத்து ஏலக்காய்க் கடைக்கு எடுத்துப் போனார். கடைக்காரர் கர்ணனிடம் ஏலக்காய் மாதிரிகளை எடை போடுகிற சின்னத் தராசு உண்டு. உப்பிப்போன பழைய பேட்டரி, குமுளி, மதுரை மூன்றையும் கர்ணன் வரிசையாக வைத்துப் பார்த்தார். பழையதும் குமுளியும் ஏறக்குறைய ஒரே எடை. மதுரை மட்டும் நன்றாகவே குறைந்தது.

"காயா இருந்தா இதை வாங்க மாட்டேன் பாய்," என்றார் கர்ணன். "சாயம் ஏத்துன மாதிரி ரொம்பப் பச்சையாவும் இருக்கு, எடையும் நிக்கல."

"பச்சை இல்லண்ணே, ஸ்டிக்கரு. சாய்ச்சுப் பாருங்க, நிறம் மாறுது."

கர்ணன் சாய்த்துப் பார்த்தார். "ஆமா, மாறுது. நமக்குக் காயைத் தெரியும். பேட்டரிக்கு என்னத்தக் கண்டோம்? கம்பெனிக்காரன் புதுசு புதுசா லேசாப் பண்றானோ என்னவோ."

அந்தக் கடைசி வாக்கியத்தை மட்டும் ரபீக் வீட்டுக்கு எடுத்துக்கொண்டு வந்தார்.

மதுரைப் பேட்டரியை ஓட்டிப் பார்த்துவிட்டால் தெரிந்துபோகும். அதிலும் ஒரு சிக்கல். ஓட்டிப் பார்த்தால் சார்ஜ் இறங்கும். இறங்கினால் ஏற்ற வேண்டும். ஏற்றக் கரண்ட் வேண்டும். கரண்ட் எப்போது வரும் என்பது மின்சார வாரியத்துக்கே தெரியாத ரகசியமாக இருந்தது. அன்று பகல் முழுக்கக் கரண்ட் இருக்கிற வீடாகப் பார்த்துச் சார்ஜரைத் தூக்கிக்கொண்டு அலைந்து ஒருவழியாக இரண்டையும் ஏற்றி முடித்திருந்தார். மதுரைப் பேட்டரியைப் போட்டு, சுவர்க் கடிகாரத்தை இரண்டு படம் எடுத்தார். விழுந்தது. சார்ஜ் காட்டும் கோடுகள் முழுசாக நின்றன. போதும் என்று வெளியே எடுத்துத் துணியில் சுற்றி வைத்தார். முழுசாக நிற்கிற கோட்டைச் சந்தேகப்பட்டால் பிறகு எதைத்தான் நம்புவது?

கல்யாண நாள் காலையில் ரபீக்கின் ஏற்பாடு இது: ஆண்கள் பக்கம் தான் எடுப்பது. அதற்குக் குமுளி பேட்டரி. வெடித்தால் தன் மூஞ்சியோடு போகட்டும். நிக்காஹ் முடிந்ததும் மதுரைப் பேட்டரியை மாற்றிப்போட்டு, கேமராவைத் திரையருகே சமீனாவிடம் கொடுப்பது. அந்தப்பக்கம் கம்பெனி, இந்தப்பக்கம் கண்டது.

சமீனாவுக்கு இது பிடிக்கவில்லை. "என்னங்க, ரெண்டையும் என்கிட்ட குடுங்க. ஒண்ணு நின்னா இன்னொண்ணு போட்டுக்கிறேன்."

"வேணாம். உள்ள முச்சூடும் பட்டுச்சேலை, ஜரிகை. அந்தக் குமுளிச் சனியன் வெடிச்சிருச்சுன்னா?"

"உங்க பைல வெடிச்சாப் பரவாயில்லையா?"

ரபீக் இதை யோசித்திருக்கவில்லை. யோசிக்கவும் நேரமில்லை, நிக்காஹ் ஓதிவைக்கிற ஹஜ்ரத் வந்துவிட்டார்.

ஆண்கள் பக்கத்தில் குமுளி பேட்டரி ஒரு குறையும் வைக்கவில்லை. முதல் சில படங்களை ரபீக் கேமராவை முகத்தை விட்டுத் தள்ளிப் பிடித்தே எடுத்தார். மாப்பிள்ளையின் மாமா ஒருவர், "ஏப்பா, கேமரா சுடுதா?" என்று விசாரித்தார். பிறகு மெல்ல மெல்ல முகத்தருகே கொண்டுவந்தார். மாப்பிள்ளை சம்மதம் என்று கபூல் சொன்னது, கையெழுத்துப் போட்டது, துஆ, வந்தவர்கள் கைகொடுத்த முஸாபஹா எல்லாம் சுத்தமாக விழுந்தது. சார்ஜ் கோடு ஒன்றுகூடக் குறையவில்லை.

நன்றாக ஓடிக்கொண்டிருந்த அந்தப் பேட்டரியைத்தான் ரபீக் உருவினார். மதுரையிலிருந்து வந்த கம்பெனிக்காரரை உள்ளே அமர்த்தினார். கோடுகள் முழுசாக நின்றன. திரையின் ஓரத்தில் நீண்ட சமீனாவின் கையில் கேமராவைக் கொடுத்தார். குமுளி பேட்டரியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். நெஞ்சுக்கு மேலே.

திரைக்கு அந்தப்பக்கம் பெண்கள் கல்யாணப் பாட்டான பைத்து பாடத் தொடங்கினார்கள். ரபீக் திரைக்கு மேலே தெரிகிற கூரையையே பார்த்துக்கொண்டு நின்றார். ஒவ்வொரு தடவை சமீனா அமுக்கும்போதும் அந்த வெள்ளைக் கூரையில் ஒரு வெளிச்சம் வெட்டும். வெட்டியது. மறுபடி வெட்டியது. மாப்பிள்ளை வீட்டார் பெண்ணைச் சுற்றி உட்கார்கிறார்கள் போலும். இன்னொரு வெட்டு. அதற்குப் பிறகு இல்லை.

சமீனா இடம் மாறி நிற்கிறாளாக்கும் என்று நினைத்தார். கருகமணியைத் தட்டில் எடுத்து வருகிறார்களாக்கும் என்று நினைத்தார். பைத்து உச்சத்துக்குப் போனது. கருகமணி கட்டுகிற நேரத்தில்தான் அது உச்சத்துக்குப் போகும். கூரை இருட்டாகவே இருந்தது.

"அண்ணே," என்றார் பக்கத்தில் வந்து நின்ற சண்முகராஜ், "உள்ள வெளிச்சம் நின்னுபோச்சு."

"எனக்குக் கண்ணு இருக்குலே."

"இல்ல, சொன்னேன்."

ரபீக் போன் போடலாமா என்று பார்த்தார். சமீனாவின் செல்போன் இவர் தோளில் தொங்குகிற பையில் இருந்தது. கூப்பிட்டால் இவர் இடுப்பில்தான் மணி அடிக்கும். "சமீனா" என்று திரையைப் பார்த்து மெதுவாகக் கூப்பிட்டார். பைத்துச் சத்தத்தில் அது அவருக்கே கேட்கவில்லை. சத்தமாகக் கூப்பிட்டால் இத்தனை சம்பந்திகளுக்கு நடுவில் பெண்கள் பக்கம் பார்த்துக் கத்தின மருமகன் என்று பெயர் வரும். இருமிப் பார்த்தார். தொண்டை கட்டிக்கொண்டதா என்று ஒரு பெரியவர் வெந்நீர் கொண்டுவரச் சொன்னார். தவறு எங்கே என்று இப்போது அவருக்கு முழுசாகத் தெரிந்தது. அதை உள்ளே சொல்லத்தான் வழியில்லை. வேலை செய்கிற பேட்டரி நெஞ்சில் இருக்கிறது. வேலை செய்ய வேண்டிய கேமரா ஒரு துணிக்கு அப்பால் இருக்கிறது. இடையில் கம்பம் ஊரே இருக்கிறது. அந்த ஆல்பத்தில் இன்னொரு பக்கம், இன்னொரு "இங்கன ஒரு போட்டோ இருக்கணும்." இந்தத் தடவை ரோல் மேல்கூடப் பழி போட முடியாது.

திடீரென்று பைத்து நின்றது. பாட்டு முடிந்து நின்ற மாதிரி இல்லை. நடுவில் அறுந்த மாதிரி நின்றது. அந்த அமைதியில் ஒரு குரல் உயர்ந்தது. "அதுக்காகக் கையைப் பிடிப்பீகளா சம்பந்தி?"

ரபீக் ஓர் அடி முன்னால் வைத்தார்.

திரை அசைந்தது. நிறைய வளையல் போட்ட ஒரு கை மட்டும் வெளியே வந்தது. அந்தக் கையை அவருக்கு நன்றாகத் தெரியும். ஆல்பத்தைப் புரட்டுகிற கை.

"மாப்ள."

"சொல்லுங்க மாமி."

"உங்க பேட்டரி செத்துப்போச்சாம். இன்னொண்ணு உங்க பைல இருக்காமே. கொண்டாங்க."

ரபீக் சட்டைப்பையிலிருந்து எடுத்தார். எடுத்தவர், கொடுக்காமல் நின்றார். இவ்வளவு பெரிய பொறுப்பை ஒன்றும் சொல்லாமல் கொடுப்பதற்கு மனசாட்சி இடம் தரவில்லை. "மாமி, இது கம்பெனி பேட்டரி இல்ல."

"அப்ப அங்கன செத்துக் கிடக்குறது?"

"அது கம்பெனி."

கை ஒரு கணம் அந்தரத்தில் நின்றது. "இது ஓடுமா, ஓடாதா?"

"தெரியல மாமி. வெடிக்கவும் வெடிக்கலாம்கிறாக."

"யாரு சொன்னாக?"

ரபீக் திரும்பிப் பார்த்தார். சண்முகராஜ் பிரியாணிப் பந்தியை மிகக் கவனமாக வீடியோ எடுத்துக்கொண்டிருந்தார்.

"குடுங்க மாப்ள," என்றது குரல். "உங்களக்கூட எந்தக் கம்பெனின்னு பாத்தா எம்புள்ளயக் கட்டிக் குடுத்தோம்?"

கை பேட்டரியோடு உள்ளே போய்விட்டது.

அதற்கப்புறம் கூரை வெகுநேரம் இருட்டாக இருந்தது. உண்மையில் சற்று நேரம்தான் இருக்கும். பேட்டரியைத் திருப்பிப் போட்டிருப்பாளோ? மூடி அழுந்தவில்லையோ? மாப்பிள்ளையின் அம்மா கோபத்தில் எழுந்து போய்விட்டாரோ? ரபீக் ஓதத் தெரிந்ததையெல்லாம் ஓதினார். பெரியவர் சொன்ன வெந்நீர் வந்தது. ஆற்றாமல் வாயில் ஊற்றி நாக்கைச் சுட்டுக்கொண்டார்.

அப்போது கூரை பளீரென்று வெட்டியது.

மறுபடி வெட்டியது. விடாமல் வெட்டிக்கொண்டே இருந்தது. பைத்து விட்ட இடத்திலிருந்து தொடங்கியது. வெடிச்சத்தம் ஒன்றும் கேட்கவில்லை.

உள்ளே நடந்ததைச் சமீனா பிற்பாடு சொன்னார். சம்பந்தியம்மா கருகமணியைப் பெண் கழுத்துக்குக் கொண்டுபோகிற நேரத்தில் கேமரா கண்ணை மூடிக்கொண்டது. "அம்மா, செத்துப்போச்சு" என்று சமீனா சொன்னதுதான் தாமதம், அம்சத் பீவி பாய்ந்து சம்பந்தியின் மணிக்கட்டைப் பிடித்துவிட்டார். போட்டோ இல்லாமல் கருகமணி இல்லை என்று சொல்லிவிட்டார். சம்பந்தி உதறப் பார்த்திருக்கிறார். பிடி தளரவில்லை. ஒரு கையால் சம்பந்தியைப் பிடித்தபடியே, பக்கத்தில் இருந்த திரைக்கு வெளியே மறு கையை நீட்டித்தான் மருமகனிடம் பேட்டரி வாங்கியிருக்கிறார். பேட்டரி மாறி, கேமரா விழித்து, சமீனா "இப்ப கட்டுங்க" என்று சொன்ன பிறகும் அம்சத் பீவி கையை விடவில்லை. முதல் வெளிச்சம் வெட்டுகிற வரைக்கும் யாரையும் நம்பத் தயாராக இல்லை அவர்.

ஆல்பத்தில் அந்தப் படம் பக்கம் நிறைய இருக்கிறது. ஷர்மின் குனிந்த தலையோடு உட்கார்ந்திருக்கிறாள். அவள் கழுத்தருகே கருகமணி. அதைப் பிடித்த சம்பந்தியின் கை, அந்தக் கையைப் பிடித்த அம்சத் பீவியின் கை. இருவரும் பல்லைக் கடித்துக்கொண்டு நேரே கேமராவைப் பார்க்கிறார்கள். படத்தில் அது சிரிப்பாக விழுந்திருக்கிறது.

"ரெண்டு சம்பந்தியும் சேந்து கட்டுறாகளே, என்ன ஒத்துமை!" என்று பார்த்தவர்கள் எல்லோரும் சொன்னார்கள். மறுப்பதற்கு இரண்டு சம்பந்திகளுமே முன்வரவில்லை. அந்த வருடக் கடைசிக்குள் கடைக்கு வருகிறவர்கள், "அக்கா வருவாகளா?" என்பதோடு இன்னொன்றும் கேட்க ஆரம்பித்தார்கள். "ரெண்டு அம்மாவும் சேந்து கட்டுவாகளே, கம்பத்துல எடுத்தாகளே, அந்த மாதிரி எங்களுக்கும் எடுக்கணும்." சமீனா எடுத்துக் கொடுக்கிறார். யாரும் அந்த அளவுக்கு இறுக்கிப் பிடிப்பதில்லை என்பதால் அவ்வளவு அழகாக வருவதில்லை.

ரபீக் மதுரைக் கடைக்கு அந்தப் பேட்டரியோடு போனார். டை கட்டியவர் அதைச் சாய்த்துப் பார்த்து, நிறம் மாறுவதைக் காட்டி, கம்பெனிதான் என்று மறுபடி உறுதி சொல்லி அனுப்பிவைத்தார். ஆகவே கம்பெனி அல்லாததே மேல் என்று முடிவுகட்டிய சண்முகராஜ் வீடியோ கேமராவுக்கும் குமுளியிலேயே வாங்கிப் போட்டார். அடுத்த வருடம் ரபீக்கின் குமுளி பேட்டரியும் உளுந்த வடை ஆனது. கொண்டை ஊசி மறுபடி வேலைக்கு வந்தது. எதை வாங்குவது என்ற கேள்வியோடு ரபீக் மறுபடி பேருந்து நிலையத்தில் நின்றார். ஒரு பக்கம் மதுரைப் பஸ், ஒரு பக்கம் குமுளிப் பஸ். இரண்டையும் விட்டுவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டார்.

"எங்க பேட்டரி?" என்றார் சமீனா.

"யோசிச்சுக்கிட்டு இருக்கேன்."

சமீனா ஏசுதாசனுக்குப் போன் போட்டு இரண்டு வேண்டும் என்று சொன்னார். வந்ததும் இரண்டையும் தன் கைப்பையில் போட்டுக்கொண்டார்.

இப்போதெல்லாம் கல்யாணத்தில் ரபீக்கின் சட்டைப்பை காலியாகத்தான் இருக்கிறது. எல்லாம் திரைக்கு அந்தப்பக்கம் போய்விடுகின்றன. துஆ முடிந்து கேமரா உள்ளே போனதும் அவர் கூரையைப் பார்த்தபடி நிற்பார். ஒரு வெளிச்சத்துக்கும் அடுத்த வெளிச்சத்துக்கும் நடுவில் கொஞ்சம் தாமதமானால் கை தானாகச் சட்டைப்பைக்குப் போகும். அங்கே ஒன்றும் இருக்காது. கையை அங்கேயே வைத்துக்கொண்டு நிற்பார், அடுத்தது வெட்டுகிற வரைக்கும்.